மன்னா தா: பத்தொன்பது வருஷம் ஒரே சட்டை

உலகக் கோப்பை நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். 1950ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றிருந்ததாம். நம் ஆட்கள் வெறுங்காலில்தான் ஆடுவோம் என்றார்களாம், ஃபிஃபா முடியாது என்றதாம், அதனால் போகவில்லையாம். என் பேரன் வரைக்கும் இதை நம்புகிறான். இந்தக் கதையை அனுப்புகிற யாரும், அந்த அணி போயிருந்தால் கேப்டனாகப் போயிருக்க வேண்டிய மனிதரின் பெயரைச் சொல்வதில்லை. அவர் பெயர் சைலேன் மன்னா.

பெயரைக் கேட்டதும் நம் வயதுக்காரர்கள் சிலருக்குப் பாடகர் மன்னா டே ஞாபகம் வரும், ‘செம்மீன்’ படத்தில் ‘மானச மைனே’ பாடியவர். அவர் வேறு. ஆனாலும் ஒரு பொருத்தம் உண்டு. வங்காளிகள் இன்றும் பாடுகிற கால்பந்துப் பாட்டு ஒன்று 1971ல் வந்த ‘தன்யி மேயே’ படத்தில் வருகிறது. அதைப் பாடியவர் மன்னா டேதான். கல்கத்தாவில் “மன்னா தா” என்று சொன்னால், எந்த மன்னா என்று எதிராளி கேட்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது.

1967ல் மாற்றலாகி நான் கல்கத்தா போனேன். மத்திய அரசு அலுவலகம். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் நிறைய இருந்ததால் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. மொழிதான் பிடிபடவில்லை. மொழிக்கு முன்னால் எனக்குப் பிடிபட்டது மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் சண்டை. நம் ஊரில் எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் போட்டுக்கொண்ட மாதிரிதான். கங்கைக்கு இந்தப் பக்கத்துப் பூர்விகக்காரர்கள் ‘கொட்டி’, அவர்கள் மோகன் பகான். பிரிவினையை ஒட்டிக் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’, அவர்கள் ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் ஜெயித்தால் இறால் வாங்குவார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். சைவச் சாப்பாட்டுக்காரனான எனக்கே, மறுநாள் மார்க்கெட்டில் எந்தக் கூடையைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது என்று பார்த்து முந்தின நாள் முடிவைச் சொல்லத் தெரிந்துவிட்டது.

நான் போனபோது மன்னா ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதனால் அவர் ஆடி நான் பார்த்ததில்லை. எங்கள் பிரிவில் ரிடையராகப் போகிற நிலையில் ஒரு மூத்த குமாஸ்தா இருந்தார், பரம மோகன் பகான் பக்தர். டிபன் வேளையில் அவர் மற்ற ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது கையும் காலும் ஆடும், மேஜையில் டீ கொட்டும். மன்னாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார். “அவர் ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை. பந்து எங்கே வருமோ அங்கே நின்றுகொண்டிருப்பார்” என்பார். அவரிடம் கேட்டதும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

மன்னா 1924 செப்டம்பர் 1 அன்று ஹௌராவில் பிறந்தவர். முதலில் ஹௌரா யூனியன் என்ற உள்ளூர் கிளப்பில் இரண்டு வருஷம் ஆடினார். 1942ல் மோகன் பகானில் சேர்ந்தபோது வயது பதினெட்டுகூட நிறையவில்லை. ஹௌராவிலிருந்து கல்கத்தா மைதானத்துக்கு வர ஹூக்ளியைத் தாண்ட வேண்டும். இன்று நாம் படத்தில் பார்க்கிற அந்தப் பெரிய ஹௌரா பாலம் 1943 பிப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை மிதவைப் பாலம்தான், கப்பல் போக வேண்டுமானால் நடுவில் திறந்து வழி விடுவார்கள். ஆக, மன்னா கிளப்பில் சேர்ந்தது அந்தப் பெரிய பாலத்துக்கும் முந்தி.

அவர் சேர்ந்த கிளப் சாதாரணமானதல்ல. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2–1 என்று வென்றது மோகன் பகான். அந்தப் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள் சுதிர் சட்டர்ஜி, லெஃப்ட் பேக். முப்பது வருஷம் கழித்து அதே இடத்துக்கு, அதே லெஃப்ட் பேக்காக, பூட்ஸ் இல்லாமல் வந்து நின்றவர் மன்னா.

அந்தக் காலத்து அணி அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று டி.வி.யில் பார்க்கிற பிள்ளைகளுக்கு நாலு டிஃபெண்டர், ஐந்து டிஃபெண்டர் என்று பழக்கம். அன்று கோல் கீப்பருக்கு முன்னால் இரண்டே பேர், ரைட் பேக் ஒருவர், லெஃப்ட் பேக் ஒருவர். அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப் பேக். மீதி ஐந்து பேரும் ஃபார்வர்டு. எதிரணியும் ஐந்து பேருடன் தாக்கும். ஹாஃப் பேக்குகளைத் தாண்டி வந்துவிட்டால் இந்த இரண்டு பேர்தான் கதி. நம் பொன்மலை ரயில்வே மைதானத்தில் அந்த நாளில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பேக் ஆட்டக்காரன் என்றாலே பனைமரம் மாதிரி ஒரு ஆள் நின்று, பந்தோ ஆளோ ஏதோ ஒன்றை எட்டி உதைப்பான்.

மன்னா அந்த ரகமில்லை. பந்தை ஆளிடமிருந்து சுத்தமாக எடுப்பார், வேண்டுமென்று காலைத் தட்ட மாட்டார் என்பதில் ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஃப்ரீ கிக்கில் மட்டும் அவருடைய பலம் தெரியும். வெறுங்காலில் அவர் அடிக்கிற அடி நெடுந்தூரம் போகும்.

வெறுங்கால் என்றதும் ஏழ்மை என்று இப்போது நினைக்கிறார்கள். அப்படியும் இருக்கலாம், ஆனால் அது மட்டுமில்லை. பாதத்தில் பந்து படும் உணர்வு பூட்ஸில் கிடைக்காது என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். கணுக்காலுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். காய்ந்த தரையில் அது ஓடும். மழையில் வழுக்கும். கல்கத்தா லீக்கோ மழைக்காலத்தில்தான் நடக்கும். 1930களில் முகமதன் ஸ்போர்ட்டிங் தொடர்ந்து லீக்கை வென்றதற்கு, ஈரத் தரையில் அவர்கள் பூட்ஸ் போட்டதும் ஒரு காரணம். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் மற்றவர்கள் பழக்கத்தை விடவில்லை.

மன்னாவின் முதல் பத்து வருஷத்தைக் கல்கத்தாவின் சரித்திரத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். 1942 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1943ல் பஞ்சம், தெருவில் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லீக் மோகன் பகானுக்கு. 1946 ஆகஸ்டில் பெரும் கலவரம். 1947ல் நாடு இரண்டானது. அந்த வருஷக் கடைசியில் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. 1911க்கு அப்புறம் முப்பத்தாறு வருஷம் காத்திருந்து கிடைத்த ஷீல்டு, அதுவும் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்து. அடுத்த வருஷமும் ஷீல்டு அவர்களுக்கே.

1948ல் லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணி. கேப்டன் நாகர் இனத்தைச் சேர்ந்த டாக்டர் தாலிமெரன் ஆவ், அவரும் மோகன் பகான்காரர்தான். ஜூலை 31 அன்று லண்டனை ஒட்டிய இல்ஃபர்டில் ஃபிரான்ஸுடன் ஆட்டம். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கினார்கள். முதலில் ஃபிரான்ஸ் ஒரு கோல் போட்டது. எழுபதாவது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் என்ற பெங்களூர்க்காரர் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அதுதான். 89வது நிமிஷத்தில் ஃபிரான்ஸ் இரண்டாவது கோல் போட, 2–1 என்று தோற்றோம்.

இதில் ஒரு சங்கதி. நம் ஊரில் அன்று ஆட்டம் எழுபது நிமிஷம்தான். தொண்ணூறு நிமிஷம் ஆடிப் பழக்கமில்லாத கால்கள் அவை. 89வது நிமிஷத்தில் கோல் விழுந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இன்னொரு சங்கதி கசப்பானது. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீண். ஒன்றை வீணாக்கியவர் மகாவீர் பிரசாத், மற்றதை வீணாக்கியவர் மன்னா. ஒன்று உள்ளே போயிருந்தாலும் ஆட்டம் நீண்டிருக்கும். இரண்டும் போயிருந்தால் சரித்திரம் வேறு. அறுபது வருஷம் கழித்து மன்னாவைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பத்தியில் அந்தப் பெனால்டி வந்து நின்றது. அன்று பின்னால் நின்று அவர் தடுத்தவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை.

அந்தப் பயணத்தில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இவர் காலைப் பார்க்க ஆசைப்பட்டார், இரும்பால் ஆனதோ என்று கேட்டார் என்றெல்லாம் கல்கத்தாவில் சொல்வார்கள். எங்கள் குமாஸ்தா சத்தியம் செய்வார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அந்தக் கதை ஊரில் உலவியதே, ஆட்களுக்கு அவர் கால்மேல் இருந்த மதிப்புக்குச் சாட்சி.

இப்போது 1950க்கு வருவோம். தகுதிச் சுற்றில் நம்மோடு இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் தானாகக் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம்மைப் போட்டார்கள். பிரேசில்காரர்கள் பயணச் செலவில் பெரும் பங்கை ஏற்கக்கூடத் தயாராக இருந்தார்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் போகவில்லை. அணித் தேர்வில் தகராறு, பயிற்சிக்கு நேரமில்லை என்று காரணம் சொன்னார்கள். வெறுங்கால் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட கதை. மன்னாவே பிற்காலத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். உலகக் கோப்பை என்பதன் அருமை அன்று தங்களுக்குத் தெரியவில்லை, ஒலிம்பிக்ஸ்தான் தங்களுக்கு எல்லாம் என்பது அவர் சொன்னதன் சாரம். இருபத்தைந்து வயதில் உலகக் கோப்பை கேப்டன் பதவி ஒருவர் கைக்கு வந்து, அது என்னவென்றே தெரியாமல் கை நழுவிப் போனது. ஒருவர்மீதும் பழி போடாமல் அவர் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போகக் காரணம். சம்மேளனத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவருக்கு இருந்திருந்தால் வெளியே காட்டவில்லை.

1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. மன்னா கேப்டன், ஹைதராபாத் ரஹீம் சாகிப் பயிற்சியாளர். இந்தோனேசியாவை 3–0, ஆப்கானிஸ்தானை 3–0, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0. கோல் அடித்தவர் மேவாலால். மூன்று ஆட்டத்திலும் நம் வலைக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை. தங்கப் பதக்கம் என்றதும் எல்லோரும் மேவாலாலைச் சொல்வார்கள். சொல்லட்டும், அவர் போட்டது பெரிய கோல்தான். நான் அந்த மூன்று பூஜ்யங்களைப் பார்க்கிறேன்.

அடுத்த வருஷமே ஹெல்சிங்கி. அதையும் சொல்லாமல் விட முடியாது. 1952 ஜூலை 15, யூகோஸ்லாவியாவுடன் ஆட்டம். குளிர், ஈரத் தரை, நம் ஆட்களில் பலர் வெறுங்கால். முடிவு 10–1. கடைசி நேரத்தில் அஹமத் கான் ஒரு கோல் போட்டு மானத்தைக் கொஞ்சம் மீட்டார். கேப்டன் மன்னாதான். பத்து கோல் வாங்கிய அணியின் கேப்டன், அதிலும் பேக் ஆட்டக்காரர். ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த யூகோஸ்லாவியா லேசான அணியல்ல. அதே ஒலிம்பிக்ஸில் அடுத்த சுற்றில் சோவியத் யூனியனோடு 5–5 என்று ஆடி, மறு ஆட்டத்தில் வென்று, கடைசியில் ஹங்கேரியிடம் மட்டும் தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்கினார்கள். நமக்கு எதிராக நாலு கோல் போட்ட பிராங்கோ ஸெபெக் ஐரோப்பாவே அறிந்த ஆட்டக்காரர். ஆனால் பத்து என்ற எண்ணிக்கைக்கு முன்னால் இதெல்லாம் எடுபடாது.

ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று சம்மேளனம் உத்தரவு போட்டது. என்னைப் பொறுத்தவரை மன்னாவின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆட்டத்தையே வெறுங்காலில் கற்று, வெறுங்காலில் தேசிய அணிக் கேப்டனாகி, இருபத்தெட்டு வயதுக்கு மேல் பூட்ஸுக்கு மாற வேண்டும். உதைக்கிற கோணம் மாறும், திரும்புகிற வேகம் மாறும், பந்து காலில் படுகிற உணர்வே மாறும். அவர் வயது ஆட்கள் பலர் அந்தச் சமயத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் வந்த வருஷம் எங்கள் அலுவலகத்தில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மன்னா பூட்ஸை மாட்டிக்கொண்டு இன்னும் ஏழெட்டு வருஷம் ஆடினார். 1953ல் மோகன் பகான் முதல் முறையாக டூரண்ட் கோப்பையை வென்றது. 1954ல் லீக், ஷீல்டு இரண்டும். 1955ல் மறுபடி லீக், கூடவே ரோவர்ஸ் கோப்பை. 1956ல் திரும்பவும் லீக்கும் ஷீல்டும். 1950 முதல் 1955 வரை அணிக்குத் தலைமை தாங்கியவர் மன்னா. உலகின் சிறந்த பத்துக் கேப்டன்களில் ஒருவராக இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 1953 ஆண்டு மலர் அவரைக் குறிப்பிட்டதாகக் கல்கத்தாப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன.

எதிரணியில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் தெற்கத்தி ஆட்கள்தான்! ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற ‘பஞ்ச பாண்டவர்’ ஃபார்வர்டு வரிசை வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அஹமத் கான், சாலே. பெங்களூர், காக்கிநாடா, கேரளம் என்று ஐந்து பேரும் தெற்கிலிருந்து போனவர்கள். 1949ல் தொடங்கி மூன்று வருஷம் வரிசையாக ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஈஸ்ட் பெங்காலுக்குத்தான், அதில் 1949லும் 1951லும் இறுதியில் தோற்றது மோகன் பகான். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் மேலே வரும்போது எதிரே நிற்கிற இரண்டு பேக்கில் ஒருவர் மன்னா. தேசிய அணியில் அதே அஹமத் கான் இவருக்குத் தோழர். பின்னால் 1957ல் செகந்திராபாத்திலிருந்து துளசிதாஸ் பலராம் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. முப்பத்து மூன்று வயது மன்னா, இருபதைத் தாண்டிய பலராம். அந்த ஆட்டங்களில் ஒன்றையாவது பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு ஏக்கம் உண்டு.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா நான்காவது இடம் வந்தது. நம் கால்பந்தின் உச்சம் அது. கேப்டன் மோகன் பகானின் பத்ரு பானர்ஜி. மன்னா அந்த அணியில் இல்லை. தேசிய அணி அவரைத் தாண்டிப் போய்விட்டது. அதற்காக அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. தான் கேப்டனாக இருந்த கிளப்பில், தனக்குப் பின்னால் வந்த சுனி கோஸ்வாமி போன்ற பையன்களோடு சாதாரண ஆட்டக்காரராக இன்னும் நாலு வருஷம். 1959ல் பஞ்சாபிலிருந்து ஜர்னைல் சிங் வந்து சேர்ந்தார். மன்னாவுக்கு நேர் எதிரான ரகம், இடியைப் போல மோதுகிறவர். ஒருவர் முடிக்கிற இடத்தில் இன்னொருவர் தொடங்கினார். 1960ல், லீக்கை மோகன் பகான் வென்ற வருஷத்தில், மன்னா விடைபெற்றார். கிளப்பில் அவருக்குப் பத்தொன்பதாவது சீசன்.

பத்தொன்பது வருஷமும் கிளப் அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சோறு போட்டது ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா உத்தியோகம். இன்று ஒரு வருஷ ஒப்பந்தத்துக்குக் கோடிகளைப் பேசுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கால் ஓடுகிற வரைதான் சம்பாத்தியம், வாங்கட்டும். ஆனால் விசுவாசம் என்ற சொல்லை மன்னாவுக்கு நாம் போடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவரை அங்கே கட்டிப்போட எந்தக் காகிதமும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் போயிருக்கலாம், கல்கத்தாவில் ஆட்டக்காரர்கள் பச்சை மெரூனிலிருந்து சிவப்பு மஞ்சளுக்கு மாறுவது அன்றும் சகஜம்தான். போகவில்லை. ஏன் போகவில்லை என்று எங்கள் குமாஸ்தாவிடம் ஒருமுறை கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “எங்கே போவார்?” என்று திருப்பிக் கேட்டார்.

பட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. 1971ல் பத்மஸ்ரீ. நான் அப்போது கல்கத்தாவில்தான் இருந்தேன். அலுவலகத்தில் சந்தேஷ் பொட்டலம் வந்தது. 2000ல் சம்மேளனம் அவரை ஆயிரமாண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவித்தது. 1950ல் அவரை பிரேசிலுக்கு அனுப்பாத அதே சம்மேளனம். 2001ல் மோகன் பகான், ‘மோகன் பகான் ரத்னா’ என்ற விருதை ஏற்படுத்தி முதல் ரத்னாவாக அவரைத் தேர்ந்தெடுத்தது.

2012 பிப்ரவரி 27 அன்று, 87 வயதில், கல்கத்தாவில் காலமானார். மறுநாள் நம் ஊர்ப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் நாலு வரி இருந்தது. அதில் ஒரு வரி அந்தப் பெனால்டி. ஹௌராவில், அவர் பிறந்த ஊரில், நகராட்சி ஸ்டேடியத்துக்கு இப்போது சைலேன் மன்னா ஸ்டேடியம் என்று பெயர். உள்ளூர்ப் பையன்கள் அங்கே லீக் ஆடுகிறார்கள், எல்லோரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு.